பக்கக் கண்ணாடியில் எரியாத விளக்கு

மின்சார கார்களின் விலைப்பட்டியலில், மேல்நிலை வகைகளுக்கு நேரே இன்று தவறாமல் இடம்பெறும் வரி 'பிளைண்ட் ஸ்பாட் மானிட்டர்'. ஓட்டுநரின் கண்ணுக்கும் கண்ணாடிகளுக்கும் அகப்படாத பக்கவாட்டுப் பகுதியில் வேறொரு வாகனம் இருந்தால் எச்சரிக்கும் அமைப்பு இது. பக்கக் கண்ணாடியின் ஓரத்தில் ஆரஞ்சு நிறச் சிறு விளக்கு எரியும். அந்தப் பக்கம் திரும்புவதற்கு இண்டிகேட்டர் போட்டால் விளக்கு விட்டுவிட்டு மின்னும், மணியும் ஒலிக்கும். இத்தகைய அமைப்புள்ள மின்சார கார் ஒன்றை இரண்டாண்டுகளாகச் சென்னை நகருக்குள்ளும் பெங்களூரு நெடுஞ்சாலையிலும் ஓட்டிவருகிறேன்; இதுகுறித்து வெளிவரும் ஆய்வுகளையும் தொடர்ந்து படித்துவருகிறேன். இந்த விளக்கை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடையை இங்கே முன்வைக்கிறேன்.

உள் கண்ணாடி காருக்கு நேர் பின்னால் வருவதைக் காட்டுகிறது. பக்கக் கண்ணாடிகள் காரின் விலாவையும் அதற்குப் பின்னுள்ள சாலையையும் காட்டுகின்றன. முன்னோக்கிப் பார்க்கும் கண்ணின் ஓரப்பார்வை, ஓட்டுநரின் தோளுக்குச் சற்று முன்பாகவே முடிந்துவிடுகிறது. இந்த மூன்றுக்கும் இடையில் எஞ்சுவதுதான் மறைபகுதி. ஒரு முழு ஸ்கூட்டரும் அதில் ஏறிவரும் இருவரும் அங்கே மறைந்துவிட முடியும்.

இந்த மறைபகுதி எல்லாக் கார்களுக்கும் பொதுவானது என்றாலும், மின்சார கார்களின் வடிவம் அதைக் கூடுதலாகவே வளர்க்கிறது. பேட்டரி தரையின் கீழ் பரவியிருப்பதால் காரின் தரை உயர்கிறது. அதனோடு இருக்கையும் சன்னல் விளிம்பும் உயர்கின்றன. காற்றின் எதிர்ப்பைக் குறைத்து ஓடுதூரத்தைக் கூட்டுவதற்காகக் கூரை பின்பக்கம் சரிகிறது. பின் கண்ணாடி சிறுத்துப்போகிறது. போல்ஸ்டார் 4 என்ற மின்சார காரில் பின் கண்ணாடியே கிடையாது; கூரையிலுள்ள கேமரா காட்டும் படத்தைத்தான் ஓட்டுநர் பார்க்கிறார். 2018-இல் வந்த ஆடி இ-ட்ரானில் பக்கக் கண்ணாடிக்குப் பதிலாகக் கேமரா பொருத்திக்கொள்ளும் வாய்ப்புத் தரப்பட்டது. பார்வையை வடிவமைப்பு பறித்துக்கொள்கிறது, மின்னணுவியல் அதைத் திருப்பித் தருகிறது என்று இதைச் சொல்லலாம். திருப்பித் தரப்படுவது எடுத்துக்கொண்ட அளவுக்குச் சமமானதுதானா என்பதே நாம் பார்க்க வேண்டியது.

அமைப்பு இயங்கும் விதம் இரு வகைப்படும். பெரும்பாலான கார்களில் பின் பம்பரின் இரு மூலைகளிலும் பிளாஸ்டிக் உறைக்குள் சிறிய ரேடார்கள் மறைந்திருக்கின்றன. பழையவை 24 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கின. புதியவை 77 கிகாஹெர்ட்ஸில் இயங்கி, அருகருகே உள்ள இரு பொருள்களைத் துல்லியமாகப் பிரித்தறிகின்றன. எம்ஜி இசட்எஸ் இவி, பிஒய்டி ஆட்டோ 3 போன்ற கார்கள் இந்த வசதியுடன் இந்தியாவுக்கு வந்தவை. இரண்டாவது வகை, கேமரா. வால்வோ நிறுவனம் 2000-களின் நடுப்பகுதியில் இந்த எச்சரிக்கையை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, பக்கக் கண்ணாடிகளின் கீழே பொருத்திய கேமராக்களைக் கொண்டுதான் தொடங்கியது; பின்னர் அதுவும் ரேடாருக்கு மாறியது. இன்று டெஸ்லா எதிர்த்திசையில் செல்கிறது. முன் சக்கரத்துக்கு மேலே, பின்னோக்கிப் பார்க்கும்படி அமைந்த கேமராக்களையே அது நம்பியிருக்கிறது. ஹூண்டாய் இரண்டையும் சேர்த்துத் தருகிறது. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் கிரெட்டா எலெக்ட்ரிக்கில், இண்டிகேட்டர் போட்டவுடன் அந்தப் பக்கத்துக் கேமராவின் படம் ஓட்டுநருக்கு எதிரேயுள்ள திரையில் தோன்றும்.

கார் மின்சாரத்தில் ஓடுகிறது என்பதற்காக அதன் ரேடார் கூர்மையாகிவிடுவதில்லை. ஒரே நிறுவனத்தின் பெட்ரோல் காரிலும் மின்சார காரிலும் பெரும்பாலும் ஒரே கருவிதான் இருக்கும். மின்சார காரில் வேறுபடுவது ஓட்டத்தின் இயல்பு. மிதியை அழுத்திய கணமே முழு விசையும் கிடைப்பதால், இடைவெளி தெரிந்ததும் தடம் மாறிவிட மனம் தூண்டப்படுகிறது. முன்பு கியர் மாற்றும் நேரத்தில் இயல்பாகவே கிடைத்துவந்த ஒரு விநாடித் தயக்கம் இப்போது இல்லை. அந்த ஒரு விநாடியில்தான் பலர் கண்ணாடியைப் பார்த்துவந்தார்கள்.

பயன் எவ்வளவு என்பதற்கு நம்பகமான அளவீடு அமெரிக்காவிலிருந்து கிடைக்கிறது. வாகனக் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் ஐஐஎச்எஸ் என்ற நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், காவல் துறைப் பதிவுகளைக் கொண்டு, இந்த அமைப்புள்ள கார்களையும் இல்லாத அதே வகைக் கார்களையும் ஒப்பிட்டது. தடம் மாறும்போது நேரும் விபத்துகள் 14 சதவீதமும், அவற்றுள் காயம் ஏற்படுத்தும் விபத்துகள் 23 சதவீதமும் குறைந்திருந்தன. எல்லாக் கார்களிலும் இது இருந்திருந்தால், 2015-ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் சுமார் 50,000 விபத்துகளைத் தவிர்த்திருக்கலாம் என்றும் அது கணக்கிட்டது. அந்த ஆய்வு எல்லா எரிபொருள் கார்களையும் உள்ளடக்கியது. கருவி ஒன்றே என்பதால் மின்சார கார்களுக்கும் அதைப் பொருத்திப் பார்க்கலாம்.

50,000 பெரிய எண்தான். எனினும், முன்னே செல்லும் வாகனத்தில் மோதாமல் தானே பிரேக் போடும் அமைப்பு, அவ்வகை மோதல்களைப் பாதியாகக் குறைக்கிறது என்பதும் அதே நிறுவனத்தின் முடிவு. அதனோடு ஒப்பிட்டால் 14 சதவீதம் சிறியது. பிரேக் அமைப்பு தானே செயல்படுகிறது. இதுவோ தகவலைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. தகவலைப் பார்க்க வேண்டியவரும், நம்ப வேண்டியவரும், அதன்படி நடக்க வேண்டியவரும் ஓட்டுநரே. பக்கக் கண்ணாடியைப் பார்க்கும் பழக்கமே இல்லாதவருக்கு, அக்கண்ணாடியின் ஓரத்தில் எரியும் விளக்கால் என்ன பயன்?

ஓட்டுநர்கள் இதை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஏஏஏ என்ற அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கத்தின் பாதுகாப்பு அறக்கட்டளை, 2018-இல் அயோவா பல்கலைக்கழகத்துடன் இணைந்து ஓர் ஆய்வை வெளியிட்டது. இந்த அமைப்புள்ள கார்களை ஓட்டுவோரில் ஏறத்தாழ 80 சதவீதத்தினர் அதன் வரம்புகளை அறியாதிருந்தனர். அல்லது மிக வேகமாக வரும் வாகனங்களையும் சைக்கிள்களையும் பாதசாரிகளையும்கூட அது கண்டுபிடித்துவிடும் என்று தவறாக நம்பினர். நான்கில் ஒருவர், தலையைத் திருப்பிப் பார்க்காமல் அமைப்பை மட்டுமே நம்பித் தடம் மாறுவதில் தமக்குத் தயக்கமில்லை என்றார்.

அந்த நம்பிக்கை எங்கே உடைகிறது என்பதற்கு, அதே சங்கம் 2014-இல் நடத்திய சோதனையில் விடை இருக்கிறது. கார்களைக் கண்டுகொண்டதைவிட மோட்டார் சைக்கிள்களை இந்த அமைப்புகள் சராசரியாக 26 சதவீதம் தாமதமாகவே கண்டுகொண்டன. கார் என்பது ரேடார் அலையைத் திருப்பியனுப்பும் அகன்ற உலோகப் பரப்பு. மோட்டார் சைக்கிளோ குறுகியது, அதில் பாதி மனித உடல். கருவிகள் அதன்பின் மேம்பட்டுள்ளன. ஆயினும் இந்த இயற்பியல் மாறிவிடவில்லை.

இருசக்கர வாகனங்கள் குறைவாக ஓடும் அமெரிக்க விரைவுச் சாலையில் இது ஓரத்துக் குறிப்பு. நமக்கோ இதுதான் தலைப்புச் செய்தி. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர், அவர்களுள் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அவர்கள் அனைவரும் மறைபகுதி விபத்துகளில் இறந்தவர்கள் அல்லர். ஆனால், தடம் மாறும் காருக்குப் பக்கத்தில் இங்கே பெரும்பாலும் இருப்பது இன்னொரு கார் அன்று, ஒரு ஸ்கூட்டர் என்பதை இந்த எண் நினைவூட்டுகிறது.

இந்த அமைப்புக்கான பன்னாட்டுத் தரநிர்ணயம் ஐஎஸ்ஓ 17387. அது வரையறுக்கும் அடிப்படைக் கண்காணிப்புப் பரப்பு, காரின் விலாவிலிருந்து 0.5 மீட்டர் தள்ளித் தொடங்கி 3 மீட்டர் வரை அகலமும், பின் பம்பருக்கு அப்பால் 3 மீட்டர் நீளமும் கொண்டது. வாகனங்கள் கோட்டுக்குள் ஓடும் சாலையை மனத்தில் வைத்து வரைந்த பரப்பு இது. நம் சிக்னல்களில் கார்களுக்கு இடையிலும், இடப்புற நடைமேடையை ஒட்டியும், முழங்கை உரசும் இடைவெளியில் நுழைந்துவரும் வண்டிகள் அந்த அரை மீட்டருக்குள்ளேயே இருக்கின்றன. நல்ல கருவிகள் அதற்குள்ளும் பார்க்கக்கூடும். ஆனால், பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை அந்தத் தரநிர்ணயம் அங்கே வைக்கவில்லை.

நீளத்தின் கணக்கு இன்னும் முக்கியமானது. நம் காரைவிட மணிக்கு 36 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் ஒரு பைக் வருகிறது என்று கொள்வோம். அது விநாடிக்கு 10 மீட்டர். பின்னால் 3 மீட்டர் வரை மட்டுமே பார்க்கும் அமைப்பில், விளக்கு எரிவதற்கும் பைக் நம் பின் கதவருகே வந்துவிடுவதற்கும் இடையே 0.3 விநாடிதான் கிடைக்கும். ஓட்டுநர் எச்சரிக்கையைக் கண்டு, புரிந்துகொண்டு செயல்பட வழக்கமாக ஏறத்தாழ ஒரு விநாடி தேவைப்படும். ஆகவே, பக்கத்தில் நிற்பதைச் சொல்லும் அமைப்பு வேறு, தொலைவிலிருந்து விரைந்து வருவதைச் சொல்லும் அமைப்பு வேறு. பின்னதைச் சில நிறுவனங்கள் 'லேன் சேஞ்ச் அசிஸ்ட்' என்கின்றன. அது சில பத்து மீட்டர்கள் பின்னோக்கிப் பார்க்கும். விற்பனைக் கையேட்டில் இவ்விரண்டும் ஒரே வரியில், ஒரே படத்துடன் வருவதுண்டு. வாங்குபவர் இந்த வேறுபாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

என் அனுபவம் இந்தக் கணக்குகளோடு ஒத்துப்போகிறது. ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியபின் பெங்களூரு நெடுஞ்சாலையில் இந்த விளக்கு மிகச் சிறந்த துணை. வலத் தடத்தில் சரியாக என் பின் கதவருகே ஒட்டிக்கொண்டு வரும் காரை அது ஒருமுறையும் விட்டதில்லை. இரவிலும் மழையிலும் ரேடாரின் செயல்பாடு குறைந்ததாக நான் உணரவில்லை. அதே கார், அதே நாள், மத்திய கைலாஷிலிருந்து சோழிங்கநல்லூர் நோக்கிச் செல்லும் பழைய மகாபலிபுரம் சாலையில் மாலை 6 மணிக்கு நுழையும்போது நிலைமை வேறு. இரு பக்க விளக்குகளும் ஏறத்தாழ இடைவிடாமல் எரிகின்றன. அவை பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே இரு பக்கமும் வண்டிகள் இருக்கின்றன. ஆனால், எப்போதும் எரியும் விளக்கைக் கண் சில நாள்களிலேயே பொருட்படுத்தாமல் விடப் பழகிக்கொள்கிறது. நண்பர்கள் சிலர் மணியோசையை அணைத்துவைத்திருக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நெரிசலில் இன்னொரு சிக்கலும் உண்டு. சாலைத் தடுப்புகளுக்கும் நிறுத்தப்பட்ட வண்டிகளுக்கும் எரிந்து தொல்லை தராதபடி, அசையாத பொருள்களை ஒதுக்கிவிடுமாறு மென்பொருள் எழுதப்பட்டிருக்கிறது. குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே பல கார்களில் இந்த அமைப்பு விழிப்பதே இல்லை. அந்த வேகம் எவ்வளவு என்பது காருக்குக் கார் மாறும், உரிமையாளர் கையேட்டில் இருக்கும். சிக்னல் பச்சையாகிக் கார் நகரத் தொடங்கும் முதல் சில விநாடிகள், இடப்புறம் நின்றிருந்த ஸ்கூட்டரும் சேர்ந்தே நகரும் விநாடிகள். ஆபத்து மிகுந்த அந்த நேரத்தில் விளக்கு அணைந்திருக்கக்கூடும்.

எனவே நான் பின்பற்றும் கணக்கு இதுதான்: விளக்கு எரிந்தால் அது செய்தி, எரியாவிட்டால் அது எந்தச் செய்தியும் அன்று. எரிந்தால் தடம் மாறுவதில்லை. எரியாதபோது, விளக்கே இல்லாத காரில் செய்வதையெல்லாம் செய்கிறேன். அந்த அமெரிக்க ஓட்டுநர்களில் நான்கில் ஒருவர், எரியாத விளக்கை அனுமதிச் சீட்டாகப் படிக்கிறார்.

இண்டிகேட்டரைப் பற்றியும் ஒரு சொல். மணியோசை, மின்னும் விளக்கு, திரையில் தோன்றும் கேமராப் படம் ஆகிய எல்லாம் பெரும்பாலான கார்களில் இண்டிகேட்டர் போட்ட பிறகுதான் வருகின்றன. நம் எண்ணத்தைக் கார் அறிந்துகொள்ள அது ஒன்றே வழி. இண்டிகேட்டர் போடாமல் தடம் மாறும் பழக்கமுள்ளவர், பல லட்சம் ரூபாய் காரில் வாங்கிய இந்த வசதியின் பாதியைத் தாமே அணைத்துவைத்தவராகிறார்.

கேமராப் படம் ரேடாரின் குறையை ஓரளவு நிரப்புகிறது. ரேடார் 'ஏதோ இருக்கிறது' என்கிறது. கேமரா அது ஆட்டோவா, சைக்கிளா, மாடா என்று காட்டுகிறது. நகருக்குள் எனக்கு இதுவே அதிகம் உதவுகிறது. ஆனால் திரை எங்கே இருக்கிறது என்பது முக்கியம். ஹூண்டாய் ஐயோனிக் 5-இல் இடப்பக்கப் படம் ஸ்டீயரிங்குக்கு நேரே இடப்பாதியிலும், வலப்பக்கப் படம் வலப்பாதியிலும் தோன்றுகின்றன. கண் போக வேண்டிய திசையும் கார் போகும் திசையும் ஒன்றே. டெஸ்லா மாடல் ஒய்-யில் இருப்பது நடுத்திரை மட்டுமே. 2021 இறுதியில் வந்த மென்பொருள் மேம்படுத்தலில் இருந்து, இண்டிகேட்டர் போட்டால் அதில் படம் தானே தோன்றுகிறது. வலப்புறம் ஓட்டுநர் அமரும் நம் நாட்டில், வலப்பக்கம் மாற விரும்புபவர் அதைப் பார்க்க இடப்பக்கம் திரும்ப வேண்டும். மேலும் கேமராவுக்கு ஒரு மழைத்துளியே போதும், படம் கலங்கிவிடும். சேற்று நீர் தெறிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் அதன் கண்ணைத் துடைத்துவைப்பது முன்கண்ணாடியைத் துடைப்பது போலவே வழக்கமாக வேண்டும்.

பராமரிப்பில் பலர் அறியாத ஒன்று பின் பம்பர். ரேடார் அதன் உள்ளே இருக்கிறது. பிளாஸ்டிக்கை ஊடுருவிப் பார்க்கிறது. அதன் மேல் உலோகக் காப்புக் கம்பி பொருத்துவது, கனமான ஸ்டிக்கர் ஒட்டுவது, அடிபட்ட இடத்தில் பட்டி பூசித் தடிப்பாக வண்ணம் அடிப்பது எல்லாம் அலையைத் தடுக்கும் அல்லது திசைமாற்றும். பம்பரைக் கழற்றி மாட்டினால் ரேடாரின் கோணத்தைச் சரிபார்த்தாக வேண்டும். கோணம் விலகினால் அது பக்கத்துத் தடத்திலுள்ள வாகனத்தைச் சரியாகக் கண்டுகொள்ளாமல் போகக்கூடும். எச்சரிக்கை வராததால் கோளாறும் வெளியே தெரியாது.

அரசின் பங்குக்கு வருவோம். லாரிகள் திரும்பும்போது பக்கத்தில் வரும் சைக்கிள் ஓட்டிகள் நசுங்கிச் சாவதைத் தடுக்க, ஐக்கிய நாடுகள் அமைப்பின் 151-ஆம் எண் வாகன ஒழுங்குவிதி வந்தது. ஐரோப்பாவில் புதிய வகைக் கனரக வாகனங்களுக்கு 2022 ஜூலை முதலும், புதிதாகப் பதிவாகும் எல்லாக் கனரக வாகனங்களுக்கும் 2024 ஜூலை முதலும் இது கட்டாயம். இந்தியாவிலும் இதே நோக்கில் ஏஐஎஸ்-186 என்ற தரநிர்ணயம் வகுக்கப்பட்டுள்ளது. குறைந்த வேகத்தில், மிக அருகில், மெலிந்த உருவமுள்ள சைக்கிளை ஒரு லாரி கண்டுபிடித்தாக வேண்டும் என்று விதிக்க முடிகிறது. சோதித்துச் சான்றளிக்கவும் முடிகிறது. அப்படியானால், பல லட்சம் ரூபாய் கார் ஒரு ஸ்கூட்டரைக் கண்டுபிடிக்குமா என்பதை ஏன் சோதிக்கக் கூடாது? அமெரிக்க அரசு தன் புதிய கார் மதிப்பீட்டுத் திட்டத்தில் மறைபகுதி எச்சரிக்கையையும், தானே குறுக்கிட்டுக் காரைத் தடத்துக்குள் வைக்கும் அமைப்பையும் சேர்ப்பதென 2024-இல் முடிவெடுத்தது. 2023 அக்டோபரில் தொடங்கிய நம் பாரத் என்சிஏபி நட்சத்திர மதிப்பீடு, மோதலின்போது உள்ளே இருப்பவர் பிழைப்பாரா என்பதையே முதன்மையாக அளக்கிறது. வெளியே ஸ்கூட்டரில் இருப்பவரைக் கார் பார்த்ததா என்பதற்கு அதில் மதிப்பெண் இல்லை. ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆய்வு மையம் இருக்கிறது, சோதனைத் தடம் இருக்கிறது. ஒரு ஸ்கூட்டரை அரை மீட்டர் தள்ளியும், ஒரு மீட்டர் தள்ளியும், வெவ்வேறு வேகங்களில் ஓட்டிப் பார்த்து, எந்தக் கார் எத்தனை விநாடிக்கு முன்பு கண்டுகொள்கிறது என்று வெளியிடுவது பெருஞ்செலவு பிடிக்கும் செயலன்று. நிறுவனங்கள் இன்று தாமாக வெளியிடாத அந்த ஒற்றை எண், வாங்குபவருக்கு மற்றெல்லா விளம்பரங்களையும்விடப் பயன்படும்.

அதுவரை, செலவில்லாத ஒரு வழி உண்டு. ஜார்ஜ் பிளாட்சர் என்ற பொறியாளர் 1995-இல் எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்துக்கு எழுதிய கட்டுரையில், நாம் பக்கக் கண்ணாடிகளை மிகவும் உட்புறமாகத் திருப்பிவைப்பதால்தான் மறைபகுதி பெரிதாகிறது என்று வடிவியல் கொண்டு காட்டினார். அவர் முறையை நம் கார்களுக்கு மாற்றினால், தலையை வலச் சன்னலோடு சாய்த்து வைத்து, காரின் விலா மயிரிழையாகத் தெரியும்வரை வலக் கண்ணாடியை வெளிப்புறம் திருப்ப வேண்டும். பிறகு தலையைக் காரின் நடுப்பக்கம் சாய்த்து, இடக் கண்ணாடியையும் அவ்வாறே அமைக்க வேண்டும். நிமிர்ந்து அமர்ந்தால் சொந்தக் கார் கண்ணாடியில் தெரியாது. முதல் இரண்டு நாள்கள் அது சங்கடமாக இருக்கும். ஆனால், உள் கண்ணாடியிலிருந்து மறையும் வாகனம் பக்கக் கண்ணாடியில் தோன்றும். அதிலிருந்து மறையும்போது ஓரப்பார்வையில் தோன்றும். ரேடாரைக் கொண்டு நிரப்ப வேண்டிய இடைவெளி பெருமளவு சுருங்கிவிடும்.

புதிதாக மின்சார கார் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வெள்ளோட்டத்தின்போது நெடுஞ்சாலைக்கு மட்டும் போய்வர வேண்டாம். காரை ஒரு காலி மைதானத்தில் நிறுத்தி, நண்பர் ஒருவரை ஸ்கூட்டரில் இடப்புறமாக முதலில் ஒரு மீட்டர் இடைவெளியிலும், பிறகு அதற்குக் குறைவாகவும் நிதானமாகக் கடந்துபோகச் சொல்லுங்கள். விளக்கு எரியவில்லை என்றால் வியப்படைய வேண்டாம். கார் நிற்கும்போது பலவற்றில் அது எரியாது, அதுவே தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி. அடுத்து மணிக்கு 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் நேராக ஓட்டிக்கொண்டே, உடன் அமர்ந்திருப்பவரைக் கண்ணாடி விளக்கைக் கவனிக்கச் சொல்லி, அதையே திரும்பச் செய்து பாருங்கள். நான் போன காட்சியறைகளில் இதற்கு யாரும் மறுப்புச் சொன்னதில்லை. தேவையான ஸ்கூட்டரும் பெரும்பாலும் விற்பனையாளருடையதாகவே வாசலில் நிற்கும்.